வால்பேப்பரை மாற்ற அனுமதி இல்லை

இந்த எபிசோடு கேக்கும்போது பக்கத்துல கம்ப்யூட்டர் இருந்தா ஆன் பண்ணிக்கோங்க. மெட்ரோவுல நின்னுக்கிட்டு கேக்குறவங்க மனசுக்குள்ள ஆன் பண்ணிக்கலாம். திரையில ஐகான் எதுவும் இல்லாத காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணுங்க. விண்டோஸா இருந்தா, வர்ற பட்டியல்ல கீழ்ப்பக்கமா 'பெர்சனலைஸ்'னு ஒரு வரி இருக்கும். வால்பேப்பர், கலர், தீம் எல்லாம் அதுக்குள்ளதான்.

எனக்குன்னு வந்த முதல் கம்ப்யூட்டர்ல அந்த வரி கிடையாது. ஏதோ கெட்டுப்போய் காணாமப் போகல. வேணும்னே எடுத்திருந்தாங்க. ஏன் எடுத்தாங்க, எடுத்ததால என்ன ஆச்சு, அதுதான் இன்னைக்குக் கதை. வருஷம் 2012. ஊர் ஜெயங்கொண்டம், அரியலூர் மாவட்டம்.

ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போயிட்டு வந்துடலாம்.

கம்ப்யூட்டர் திரையை ஒரு ஆபீஸ் மேசை மாதிரி காட்டலாம்ங்கிற யோசனை, ஜெராக்ஸ் நிறுவனம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடத்திய ஆராய்ச்சி மையத்தில் 1970-களில் உருவானது. 1981-ல் வந்த 'ஜெராக்ஸ் ஸ்டார்' அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசை மேல காகிதம், ஃபோல்டர் எல்லாம் கிடக்கிற மாதிரி திரையில கிடக்கும். அதனாலதான் அதுக்கு டெஸ்க்டாப்னு பேர். 1984-ல் ஆப்பிளின் முதல் மேக்கிண்டாஷ் வந்தப்ப, அந்த மேசையோட பரப்பை நாமளே வரைஞ்சுக்கலாம்னு ஆச்சு. எட்டுக்கு எட்டு, மொத்தம் 64 புள்ளி. எது கறுப்பு, எது வெள்ளைன்னு ஒவ்வொண்ணா தட்டினா, அந்தச் சின்னக் கட்டம் திரும்பத் திரும்ப வந்து திரை முழுக்கப் பரவும். இதைப் பத்திப் படிச்சப்ப எனக்கு மார்கழி மாசத்து வாசல்தான் ஞாபகம் வந்துச்சு. 1990-ல் விண்டோஸ் 3.0, படத்தையே வால்பேப்பரா வைக்க விட்டுச்சு.

இந்த வருஷங்களை ஏன் சொல்றேன்னா, 2012-ல வால்பேப்பர் மாத்துறது ஒண்ணும் ராக்கெட் விட்ற வேலை இல்ல. இருபது வருஷத்துக்கும் மேல பழசான வசதி.

சரி, ஜெயங்கொண்டம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மாடியில ஒரு பிரவுசிங் சென்டர் இருந்துச்சு. மணிக்கு இருபது ரூபா. பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்ப மாட்டாங்க, அதனால தம்பியையும் கூட்டிக்கிட்டுதான் போவேன். ப்ளைவுட் தடுப்பு போட்ட ஆறு கேபின், எல்லாத்துலயும் விண்டோஸ் எக்ஸ்பி, எல்லாத்துலயும் அந்தப் பச்சை மேடு, நீல வானம். அது ஊட்டின்னு தம்பி சத்தியம் பண்ணுவான். உண்மையில் அது கலிஃபோர்னியாவின் சொனோமா பகுதி. சார்லஸ் ஓரியர் என்கிற புகைப்படக்காரர் 1996 ஜனவரியில் எடுத்தது. அங்கே இருந்த திராட்சைத் தோட்டத்தைப் பூச்சி அரிச்சு, கொடிகளைப் பிடுங்கிப் போட்டுட்டதாலதான் வெறும் புல்லா இருந்துச்சு. முந்திரிக்காடும் செம்மண்ணுமா இருக்கிற எங்க ஊர்ல, அவ்வளவு பச்சையை நாங்க பார்த்தது அந்தத் திரையிலதான்.

ஒருநாள் அந்தப் பச்சையைத் தூக்கிட்டு தம்பி விஜய் படம் வெச்சான். அடுத்த வாரம் போனா பழையபடி பச்சை மேடு. திரும்ப வெச்சான். திரும்பப் போச்சு. சென்டர் வெச்சிருந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "தம்பி, நீ என்னத்த மாத்துனாலும் ரீஸ்டார்ட் பண்ணா அது பாட்டுக்குப் பழைய மாதிரி ஆயிரும்டா." டீப் ஃப்ரீஸ்னு ஒரு மென்பொருள். அப்ப பல பிரவுசிங் சென்டர்லயும் காலேஜ் லேப்லயும் போட்டிருப்பாங்க. கம்ப்யூட்டரை ஒரு நிலையில் உறைய வெச்சிடும். ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அந்த உறைஞ்ச நாள்தான் திரும்ப வரும். வைரஸ் வராம இருக்க நல்ல ஏற்பாடு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா நீங்க வந்துபோன தடயமே இருக்காது.

அங்க இன்னொரு விஷயம் கவனிச்சேன். ஒரு கேபின்ல தமிழ்ப் பத்திரிகைகளோட வெப்சைட் ஒழுங்காத் தெரியும், பக்கத்துக் கேபின்ல அதே பக்கம் வெறும் கட்டம் கட்டமா வரும். எக்ஸ்பியில் தமிழ் எழுத்து சரியாத் தெரியணும்னா, ரீஜனல் செட்டிங்ஸ் உள்ள போய் ஒரு டிக் போடணும். அந்த டிக்குக்குப் பக்கத்துல எங்கயும் தமிழ்னு எழுதியிருக்காது. சிக்கலான எழுத்துமுறைகள், வலமிருந்து இடமா எழுதுற மொழிகள், தாய்லாந்து மொழி உட்படன்னு ஆங்கிலத்துல இருக்கும். அதை டிக் பண்ணா எக்ஸ்பி சிடியைப் போடுன்னு கேக்கும். சிடிக்கு எங்க போறது? 'டெஸ்க்டாப்பை நம்ம விருப்பத்துக்கு மாத்துறது'ன்னு பேச்சு வந்தா எல்லாரும் தீம், ஐகான்னுதான் பேசுறாங்க. எனக்கு, திரையில நம்ம எழுத்து வர்றதுதான் அதுல முதல் மாற்றம்.

பள்ளிக்கூடத்துக் கதை வேற. 2007-ஐ ஒட்டி, அப்ப எல்காட்டோட நிர்வாக இயக்குநரா இருந்த உமாசங்கர், ஐ.ஏ.எஸ்., எல்காட்டை லினக்ஸ் பக்கம் திருப்பினார். அரசுப் பள்ளிகளுக்கு சூசே லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் போக ஆரம்பிச்சது. பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகத்துலயும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் கிடையாது, ஸ்டார் ஆபீஸ்தான். 90ஸ் கிட்ஸ் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா இப்ப தலையாட்டுவீங்க. லினக்ஸ்ல திரையோட ஒவ்வொரு மூலையையும் மாத்தலாம். பட்டையை மேல வைக்கலாம், கீழ வைக்கலாம், ஜன்னலோட ஓரத்தைக்கூட வேற மாதிரி ஆக்கலாம். ஆனா எங்க லேப்ல நாலு பேருக்கு ஒரு சிஸ்டம். வாசல்லயே ஒரு அட்டை தொங்கும்: 'செட்டிங்ஸை மாற்றக்கூடாது'. மாத்த முடிஞ்ச கம்ப்யூட்டரை மாத்தக்கூடாது. அதுவும் நியாயம்தான். அடுத்த பீரியட் வர்ற புள்ளைங்க மெனுவைத் தேடிக்கிட்டு நிப்பாங்க.

இப்ப லேப்டாப்புக்கு வருவோம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு ஆவணங்கள்ல அதை 'இலவசம்'னு சொல்ல மாட்டாங்க, 'விலையில்லா'ன்னு சொல்லுவாங்க. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள 50 லட்சத்துக்கும் மேல கொடுக்கப்பட்டிருக்கு. பிளஸ் டூ முடிக்கிற நேரத்துல எனக்கும் ஒண்ணு வந்துச்சு. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். வெளியில மூடி மேல முதலமைச்சர் படம். உள்ள ரெண்டு இயங்குதளம்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், அப்புறம் பாஸ் லினக்ஸ்.

வீட்டுல மேசை கிடையாது. கூடத்துல பாயை நாலா மடிச்சுப் போட்டு அது மேல வெச்சோம். மேசையே இல்லாத வீட்டுக்கு டெஸ்க்டாப் வந்துச்சுன்னு இப்ப நினைச்சா சிரிப்பா இருக்கு. நான் முதல் வேலையா செல்போன்ல எடுத்து வெச்சிருந்த ஒரு படத்தை ஏத்தினேன். கங்கைகொண்ட சோழபுரம் கோவில் விமானம். எங்க ஊர்ல இருந்து பத்து கிலோமீட்டருக்குள்ள. தஞ்சாவூர் விமானம் நேர்க்கோட்டுல ஏறும். இது கொஞ்சம் உள்வாங்கி வளைஞ்சு ஏறும். அந்த வளைவு தெரியிற மாதிரி சாயங்கால வெளிச்சத்துல, எங்க மாமா போன்ல, நானே எடுத்தது. அதைத் திரையில வெச்சுக்கணும். ரைட் கிளிக் பண்ணேன். 'பெர்சனலைஸ்' இல்ல. தம்பி மவுஸைப் பிடுங்கி அவனும் பண்ணிப் பார்த்தான். இல்ல.

ஏன் இல்லைன்னு எனக்குத் தெரிய பல வருஷம் ஆச்சு. 2007-ல் ஆசுஸ் நிறுவனம் 'ஈ பிசி' என்கிற குட்டி லேப்டாப்பை விலை குறைவா, லினக்ஸோட விட்டது. நெட்புக்னு ஒரு புது வகையே உருவாச்சு. மலிவான மெஷினுக்கு மலிவான விண்டோஸ் தேவைப்பட்டது. ஆனா மலிவு விண்டோஸ் ரொம்ப நல்லா இருந்துட்டா, விலை கூடின விண்டோஸை யார் வாங்குவாங்க? அதனால 2009 அக்டோபர்ல விண்டோஸ் 7 வந்தப்ப, அடிமட்டத்துல ஸ்டார்ட்டர்னு ஒரு பதிப்பு. கடையில தனியா வாங்க முடியாது, மெஷினோடதான் வரும். 2 ஜிபிக்கு மேல ரேம் போட்டாலும் எடுத்துக்காது. ஒரே நேரத்துல மூணு புரோகிராம்தான் ஓடும்னு முதல்ல திட்டம். எதிர்ப்பு வரவும் அதை மட்டும் எடுத்தாங்க. வால்பேப்பர் மாத்த முடியாது, ஜன்னல் கலர் மாத்த முடியாது என்பது அப்படியே இருந்துச்சு. மாத்தணும்னா பணம் கட்டி மேல் பதிப்புக்குப் போகணும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பழைய விளக்கம் இருக்கு. 1849-ல் ஜூல் டுப்புயி என்கிற பிரெஞ்சு இன்ஜினியர், ரயில் கட்டணத்தைப் பத்தி எழுதினார். மூணாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போட மாட்டேங்கிறாங்களே, கூரைக்கு என்ன பெரிய செலவா? இல்லை. ரெண்டாம் வகுப்பு டிக்கெட் வாங்க வசதி இருக்கிறவன், மூணாம் வகுப்புல ஏறிடக்கூடாது, அதுதான் காரணம்னு சொன்னார். ஏழையை நோகடிக்கணும்னு இல்ல, காசு உள்ளவனைப் பயமுறுத்தணும். நனையறது மட்டும் ஏழை.

ஸ்டார்ட்டர் பதிப்புல வால்பேப்பரை எடுத்ததும் அதே கூரைதான். அதை வைக்க செலவே கிடையாது. சொல்லப்போனா, ஏற்கனவே இருக்கிறதை எடுக்கத்தான் ஒருத்தர் உக்காந்து வேலை பார்த்திருக்கணும்.

நம்ம ஊர்ல இதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடந்திருக்கு. 1970-கள் வரைக்கும் ரெண்டாம் வகுப்பு ஸ்லீப்பர்ல படுக்கைன்னா வெறும் மரப்பலகை. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே, அது மேல ரெண்டு இஞ்ச் ஃபோம் போட வெச்சார். உங்க தாத்தா பாட்டிகிட்ட கேட்டா அந்தப் பலகையைப் பத்திச் சொல்லுவாங்க. ரெண்டு இஞ்ச் ஃபோமும் ஒரு வால்பேப்பரும் ஒண்ணான்னு கேக்கலாம். முதுகு வலிக்கு வால்பேப்பர் உதவாது, ஒத்துக்கிறேன். ஆனா 'இந்த டிக்கெட்டுக்கு இவ்வளவு போதும்'னு யாரோ முடிவு பண்ற இடம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. இப்பவும் விண்டோஸை ஆக்டிவேட் பண்ணலைன்னா வலது ஓரத்துல 'ஆக்டிவேட் விண்டோஸ்'னு சாம்பல் கலர்ல எழுத்து வரும், செட்டிங்ஸ்ல பெர்சனலைஸ் பக்கம் பூட்டிக்கும். மத்ததெல்லாம் ஓடும். எக்செல் ஓடும், கேம் ஓடும். அழகு மட்டும்தான் பணயக்கைதி. நமக்கு எது உறுத்தும்னு அவங்களுக்குத் தெரியும்.

நான் அப்ப இதெல்லாம் தெரியாம, ஸ்டார்ட்டர்ல வால்பேப்பர் மாத்தித் தர்றேன்னு இன்டர்நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு புரோகிராமை பென்டிரைவ்ல கொண்டுவந்து போட்டேன். மாத்திச்சு. ரெண்டு நாள் எங்க கோவில் திரையில நின்னுச்சு. மூணாவது நாள் மெஷின் ஆன் ஆகி, பாதியில நின்னு, திரும்ப ஆன் ஆச்சு. திரும்ப நின்னுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, அதான் பயம். சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போனோம். அங்க இருந்த அண்ணன் பார்த்துட்டு, "பாப்பா, இந்த பாஸ் கெடக்கே, அதைத் தூக்கிட்டு அல்டிமேட் போட்டுத் தரட்டா? எல்லாரும் அதான் பண்றாங்க"ன்னு கேட்டார். திருட்டு அல்டிமேட், முன்னூறு ரூபா. எங்க தெருவுல லேப்டாப் வாங்கின முக்கால்வாசிப் பேர் அதைத்தான் பண்ணாங்க. அவங்களையும் குறை சொல்ல மாட்டேன். ஃபோட்டோஷாப்பும் கேமும் வேணும்ங்கிறவங்க லினக்ஸை வெச்சுக்கிட்டு என்ன செய்வாங்க?

எங்ககிட்ட முன்னூறு ரூபா இல்ல. அதனால விண்டோஸ் பக்கத்தை அப்படியே விட்டுட்டு, மெஷின் ஆன் ஆகும்போது வர்ற பட்டியல்ல பாஸைத் தேர்ந்தெடுக்க ஆரம்பிச்சோம்.

பாஸ்னா 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, முதல் வெளியீடு 2007-ல். டெபியன் லினக்ஸை அடித்தளமா வெச்சு, இந்திய மொழிகளைச் சேர்த்துக் கட்டினது. புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலையேன்னு அதைக் கிண்டல் பண்ணவங்க உண்டு. எனக்கு அது ஒரு குறையாப் படல. இருக்கிறதை எடுத்து உன் ஊருக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்கிறதுதான் அந்த உலகத்தோட சட்டமே.

அங்க ரைட் கிளிக் பண்ணேன். பின்னணியை மாத்துன்னு ஒரு வரி இருந்துச்சு. கோவில் படத்தை வெச்சேன். விமானம் குண்டாத் தெரிஞ்சுது. செல்போன் படம் நாலுக்கு மூணு அளவு, லேப்டாப் திரை அகலமானது, இழுத்துப் பொருத்தினா எல்லாரும் பெருத்துடுவாங்க. 'ஜூம்'னு மாத்தினா கலசம் வெட்டுப்பட்டுச்சு. 'சென்டர்'னு வெச்சா சுத்தி கறுப்பு. கடைசியில் 'ஸ்கேல்' வெச்சு, ரெண்டு பக்கமும் வர்ற காலி இடத்துக்குக் கல் கலர்லயே ஒரு நிறம் கொடுத்தேன். ஒரு ராத்திரி முழுக்க இந்த வேலைதான். படத்தோட அளவு, திரையோட அளவு, ரெசல்யூஷன் எல்லாம் எனக்குப் புரிஞ்சது லேப்ல இல்ல, அன்னைக்குத்தான். இன்னைக்கு நான் சோறு தின்கிற டிசைன் வேலைக்கு அதுதான் முதல் பாடம்.

அப்புறம் சண்டை. தம்பிக்கு விஜய் வேணும். அப்பாவுக்கு சாமி படம் வேணும். லினக்ஸ்ல ஆளுக்கொரு கணக்கு திறந்துக்கலாம், ஒவ்வொருத்தருக்கும் தனி வால்பேப்பர், தனி எழுத்தளவு, தனி மொழி. எனக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. அப்பாவுக்குத் திறக்கலாம்னு பார்த்தா அவர் வேணாம்னுட்டார். "தரையில வெக்கிற பொருள்ல சாமி எதுக்கு"ன்னு அம்மா கேட்டதுல அவருக்கும் அது சரின்னு பட்டுடுச்சு. மூணாவது கணக்கு அம்மாவுக்கு.

அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. மகளிர் குழுவுல கணக்கு நோட்டு அவங்ககிட்டதான் இருக்கும். அவங்க கணக்குல மொழியைத் தமிழ்னு மாத்தினேன், எழுத்தைப் பெருசு பண்ணேன். மெனுவெல்லாம் தமிழ்ல வந்துச்சு. கோப்பு, திருத்து, அப்படி. அந்த வார்த்தைகளை ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து எழுதி வாங்கல. 2000-ஐ ஒட்டின வருஷங்கள்ல இருந்தே உலகத்துல எங்கெங்கயோ இருந்த தமிழ் ஆட்கள் ராத்திரியில உக்காந்து, கேடிஈ, க்னோம் மாதிரியான லினக்ஸ் டெஸ்க்டாப்களைச் சும்மா மொழிபெயர்த்துப் போட்டது. டெஸ்க்டாப்புக்கு பணிமேடையா, மேசைத்தளமா, திரைமுகப்பான்னு இன்னும் முடிவாகல. என்னைக் கேட்டா பணிமேடை. அம்மா கேட்டது வேற: "கோப்புன்னா தாலுகா ஆபீஸ்ல கட்டி வெச்சிருப்பாங்களே, அதுவா?" ஆமாம்மா, அதேதான். அதுக்கப்புறம் விளக்கவே தேவைப்படல. ஸ்டார் ஆபீஸ் படிச்சதுக்கு ஒரு பலன்னா, அம்மாவுக்கு கால்க்ல பன்னெண்டு பேரோட சந்தாப் பட்டியல் போட்டுக் கொடுத்ததுதான்.

வால்பேப்பர் என்ன வேணும்மான்னு கேட்டேன். படம் எதுவும் வேணாம், கண்ணுக்குக் குளுமையா ஒரு பச்சை போதும்னாங்க. நாலஞ்சு பச்சை காட்டினேன். நெல் நாத்து மாதிரி ஒரு வெளிர்பச்சையைத் தேர்ந்தெடுத்தாங்க.

2025-26 தமிழ்நாடு பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் இல்லன்னா லேப்டாப்னு அறிவிப்பு வந்தப்ப, ஆன்லைன்ல எல்லாரும் பிராசசர் என்ன, ரேம் எவ்வளவுன்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் தேடினது ரைட் கிளிக்ல என்ன வரும்னு.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பரண்ல இருந்து பழைய லேப்டாப்பை இறக்கினேன். மூடியில இருந்த படம் பாதி உரிஞ்சிருந்துச்சு. பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜர்ல நேரா போட்டா ஓடுது. பாஸைத் தேர்ந்தெடுத்தேன். மூணு பேர் வந்துச்சு. நான் என் பாஸ்வேர்டை நாலு தடவை அடிச்சும் திறக்கல. அம்மா கையை முந்தானையில துடைச்சுக்கிட்டு வந்து உக்காந்து, ஒத்த விரலால அவங்களோடதை அடிச்சாங்க. பச்சை வந்துச்சு.